சங்கரன்கோவிலில் பார்த்த குழிந்த சிங்கம்

பினாங்கில் எங்கள் தெரு முனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த அருணாசலம், கத்தியைத் தீட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "சங்கரன்கோயில்ல எங்க அத்தான்ட்ட ஒரு ஒத்த ரூவாக் காசு இருக்கு அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் சிங்கம். ஒரு பக்கம் பொடைச்சிக்கிட்டு நிக்கும், மறுபக்கம் குழிஞ்சு கெடக்கும்." நான் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன். காதருகே கத்தி வந்துவிட்டதால் உட்கார்ந்துகொண்டேன்.

துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா வேலை என் பிழைப்பு. காசு சேர்ப்பது என் பைத்தியம். மற்றவர்கள் ராஜா தலை போட்டது, வெள்ளியில் அடித்தது என்று தேடுவார்கள். நான் நாணயச் சாலையிலேயே பிசகிப்போன காசுகளைத் தேடுகிறவன். அச்சு விலகி ஓரத்தில் பிறைபோல வெற்றிடம் விழுந்தது, இரண்டு முறை அச்சு இறங்கி எழுத்து இரட்டித்தது, எதுவுமே விழாமல் மொழுக்கென்று வெளியே வந்தது, இப்படி.

இவற்றில் அபூர்வமானது அருணாசலம் சொன்ன வகை. அடித்து முடித்த காசு ஒன்று கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அது தெரியாமல் அடுத்த வெறும் வில்லை வந்து உட்காரும். ஒரு பக்கத்தில் வழக்கம்போல அச்சு விழும். மறுபக்கத்தில் அச்சு படவேண்டிய இடத்தில், ஒட்டிக்கொண்டிருக்கும் காசின் முகம் அழுந்தும். அதனால் ஒரு பக்கம் சிங்கம் சரியாக இருக்கும். மறுபக்கம் அதே சிங்கம், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிப் பள்ளமாகத் தெரியும். ரூபாய் என்றோ வருஷம் என்றோ அந்தக் காசில் எங்கேயும் இருக்காது. சின்னச் சில்லறையில் அப்படி ஒன்றை காசு சேர்ப்பவர்களுக்கென்று எங்கள் ஊரில் இருக்கும் சங்கத்துச் சீனப் பெரியவர் ஒருவரிடம் பார்த்திருக்கிறேன். முழு ரூபாயில் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில் நாகப்பட்டினத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் இருந்தது. கல்யாணத்துக்கும் திரும்பிப்போகும் கப்பலுக்கும் நடுவில், ஆடி பிறந்ததும், கொஞ்ச நாள் கிடைத்தது. அருணாசலம் தன் அக்காளுக்கு ஒரு கம்பளியும், தைலக் குப்பிகளும், ஒரு டப்பா பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்திருந்தார். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கடமை, காசைப் பார்ப்பது ஆசை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

ராஜபாளையம் தாண்டிய பிறகு பஸ்ஸின் பின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் பொட்டல் காட்டில் நின்றோம். ஆடிக் காற்று சட்டையைப் பிடுங்கியது. மாற்று டயர் இருந்தது, அதிலும் காற்றில்லை. யாரும் கோபப்படவில்லை. வாழைத்தார் கொண்டுவந்த ஒருவர் அதிலிருந்து பழம் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். பினாங்கில் படகு பத்து நிமிஷம் தாமதமானாலே ஆட்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். பின்னால் வந்த பஸ்ஸில் எங்களையும் திணித்தார்கள். என் மடியில் யாருடையதோ ஒரு சேவல் சங்கரன்கோவில் வரை தூங்கியது.

ஊரில் அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம். விடுதியில் இடம் கிடைத்ததே பெரிது. பக்கத்து அறையில் புனலூரிலிருந்து வந்த இருவர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "கோயில் புற்றுமண்ணைப் பூசினால் சொறி போய்விடும்" என்றார் ஒருவர். "போன வருஷமும் இதையேதான் சொன்னாய், இன்னும் சொறிந்துகொண்டுதான் இருக்கிறாய்" என்றார் மற்றவர்.

அருணாசலத்தின் அத்தான் பெயர் கோமதிநாயகம். பஸ் நிலையத்துக்கு எதிரில் சோடாக்கடை என்று அடையாளம் சொல்லியிருந்தார். தேடிப் போனால் ஒரே கூரையின்கீழ் இரண்டு சோடாக்கடைகள். நடுவில் ஒரு தகரத் தடுப்பு. இந்தப் பக்கமும் கோலி சோடா, நன்னாரி சர்பத், கலர் சோடா. அந்தப் பக்கமும் அதேதான். இரண்டு பக்கமும் ஒரே முகஜாடையில் இரண்டு பேர்.

வயதில் மூத்தவராகத் தெரிந்தவரிடம் பெயரைச் சொன்னேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க வாங்க! மச்சினன் சொல்லிவிட்ட பினாங்கு அண்ணாச்சியா? எப்ப வந்திய? சாப்ட்டியளா?"

"பசியாறிவிட்டேன்" என்றேன். எங்கள் ஊரில் காலை உணவுக்கு அப்படித்தான் சொல்வோம். அவர் புரியாமல் விழித்தார். பிறகு, "பசி ஆறணும்னா சர்பத்து பத்தாதே" என்று சிரித்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் என்னைப் பார்த்தார். நானும் பழக்க தோஷத்தில் தலையசைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோடா மூடியை அழுத்தினார். கோலி உள்ளே விழும் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

"அவன் என் தம்பி, முத்தையா" என்றார் கோமதிநாயகம், குரலைத் தாழ்த்தி. "பேச்சு வார்த்தை கெடையாது. எல்லாம் அந்தக் காசுனாலதான். நாளைக்குக் காலைல வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன். கடையில வச்சு அத எடுக்க மாட்டேன்."

மத்தியானம் ஒரு பாய் கடையில் ஆட்டிறைச்சி பிரியாணி சாப்பிட்டேன். சீரகச் சம்பா அரிசி, காரம் மூக்கில் ஏறியது. பினாங்கின் நாசி கண்டாரில் ஐந்தாறு குழம்பைக் கலந்து ஊற்றிச் சோற்றை மூழ்கடிப்பார்கள். இங்கே குழம்பு கேட்டதற்குப் பரிமாறியவர், "எதுக்கு சார், அதான் சோத்துலயே எல்லாம் இருக்குல்லா" என்று வருத்தப்பட்டார்.

மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். வாசலில் தகட்டில் அழுத்திச் செய்த பாம்பும் தேளும் விற்றார்கள். வேண்டிக்கொண்டவர்கள் வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். குவியலில் ஒரு பாம்புக்கு இரண்டு தலை. தகடு நழுவி, அச்சு இரண்டு முறை இறங்கியிருக்கிறது. அதைக் கையில் எடுத்தேன்.

விற்ற அம்மாள், "அது பிசகுனது சார், வேற நல்லதாத் தாரேன்" என்றாள்.

"எனக்குப் பிசகியதுதான் வேண்டும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சாமிக்குப் பிசகுனதப் போடக் கூடாது" என்று அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். 

கோமதிநாயகத்தின் வீடு விசைத்தறிகள் இரையும் தெருவில் இருந்தது. பேசுவதைக் கேட்கவே சற்றுக் குனியவேண்டியிருந்தது. அருணாசலத்தின் அக்காள் பேச்சியம்மாள் கம்பளியைப் பிரித்து முகத்தில் வைத்துப் பார்த்தார். "என் தம்பி நல்லாருக்கானா? மெலிஞ்சிட்டானா?" என்று மூன்று முறை கேட்டார். நல்ல தொப்பை போட்டிருக்கிறார் என்று சொன்ன பிறகுதான் நிம்மதி. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அவியலும் வைத்தார். அதற்கு முன் நான் அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டு முடிக்கும்வரை கோமதிநாயகம் காசைப் பற்றிப் பேசவில்லை. பிறகு சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார்.

"கடை ஒண்ணா இருந்தப்ப வந்தது. யாரு கொடுத்தான்னு தெரியாது. முத்தையாதான் மொதல்ல பாத்தான். 'அண்ணே, இதுல ரூவான்னே போடல பாரு'ன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம். பெறவு மெட்ராஸ்லருந்து ஒரு காசு யாவாரி குத்தாலத்துக்குப் போற வழியில கடையில சோடா குடிச்சாரு. காசப் பாத்ததும் குடிச்ச சோடாவக் கீழ வச்சுட்டாரு. அங்கனயே பெரிய வெல சொன்னாரு."

"ஏன் கொடுக்கவில்லை?"

"தம்பி கொடுத்துருவோம்னான். அவம் பங்குல ஒரு தறி போடணும்னு ஆசை. நான் மாட்டேன்னுட்டேன்." துணி முடிச்சைக் கையில் உருட்டினார். "ஒழைக்காம வந்த பணத்த பங்கு வைக்க உக்காந்தா அண்ணன் தம்பி பிரிஞ்சிருவோம்னு பயந்தேன் அண்ணாச்சி. அதச் சொல்லத் தெரியல. நான் ஒத்தையா அமுக்கப் பாக்கேன்னு அவன் நெனச்சிட்டான். மறு மாசம் தகரம் அடிச்சாச்சு."

முடிச்சை அவிழ்த்துக் காசை என் உள்ளங்கையில் வைத்தார்.

முதல் பார்வையில் நானும் நம்பிவிட்டேன். பள்ளத்தில் சிங்கம் அவ்வளவு அழகாக இறங்கியிருந்தது. எங்கள் சங்கத்துச் சீனப் பெரியவர் மலாய் மொழியில் ஒன்று சொல்வார்: "ஆசையோடு பார்க்கிறாய், கொஞ்சம் பொறுத்துப் பார்." பொறுத்தேன். வாசலுக்கு வந்து வெயிலில் லென்சை வைத்தேன்.

மேடாக இருந்த பக்கத்தில் சிங்கத்தின் முகம் சப்பையாக இருந்தது. பிடரி மயிர் நசுங்கியிருந்தது. தேய்ந்தால் அப்படி ஆகாது. தேய்மானம் வழவழப்பாக இருக்கும், இது அழுந்திய தட்டை. சட்டைப்பையிலிருந்த வேறொரு ரூபாயை அதன்மேல் வைத்தேன். இந்தக் காசு ஒரு மயிரிழை அகலமாக இருந்தது. பிறகு குழிந்த பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தேன். சிங்கத்தின் காலருகே, பள்ளத்துக்கு அடியில், மெல்லிய கோடு ஒன்று வளைந்து போனது. தானியக் கதிர். சாதாரண ரூபாயின் மறுபக்கத்தில் இருக்கும் அதே கதிர்.

அதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டது. நாணயச் சாலையில் நேர்ந்த பிசகாக இருந்தால் அந்தப் பக்கத்தில் கதிர் அச்சு பட்டிருக்கவே முடியாது. முழுதாக அடித்து முடித்த நல்ல ரூபாயின்மேல் இன்னொரு ரூபாயை வைத்து, எவனோ பட்டறை இடுக்கியில் போட்டு, பழைய எழுத்து நசுங்கி மறையும்வரை முறுக்கியிருக்கிறான். விளையாட்டுக்கோ வித்தைக்கோ தெரியவில்லை.

அவரே பார்க்கட்டும் என்று லென்சைக் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கதிரு தெரியுது."

"ஆமாம்."

"தெரியக் கூடாதோ?"

"தெரியக் கூடாது."

காசை வாங்கித் துணியில் வைத்து, பழையபடி முடிந்தார். முடிந்ததைத் திரும்ப அவிழ்த்தார். "அந்த மெட்ராஸ்காரரு இதப் பாக்கலையே" என்றார். கடை வெளிச்சத்தில், அவசரத்தில், லென்ஸ் இல்லாமல் பார்த்திருப்பார் என்றேன். நானே முதலில் ஏமாந்துதான் போனேன் என்றும் சொன்னேன். அது அவருக்கு எந்த விதத்தில் ஆறுதல் என்று தெரியாமலே சொன்னேன்.

பேச்சியம்மாள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லதாப் போச்சு" என்றார் பட்டென்று. "சனியன் விட்டுச்சு. போயி அவம்ட்ட சொல்லிட்டு வாங்க."

கோமதிநாயகத்தின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "நாளை கழிச்சு வெள்ளிக்கெழம. கடைய அடைச்சிட்டு அவம் வீட்டுக்கே போவோம். நீங்களும் வாங்க அண்ணாச்சி. மூணாம் மனுசரு நீங்க எடுத்துச் சொன்னா அவன் கேப்பான். அங்கனயே சாப்பிடுவோம். அவம் பொண்டாட்டி நல்லா மீன் கொழம்பு வைப்பா."

நாளை மத்தியானமே நான் புறப்பட வேண்டும், கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றேன்.

"ஒரு நாள் தள்ளிப்போட முடியாதோ?"

முடியாது என்றேன். அடுத்த கப்பலுக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று காரணங்களைச் சொன்னேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். அவர் தலையாட்டினார். "அப்பம் நீங்க இருக்கும்போதே நாளைக்குக் கடையிலயே சொல்லிருதேன்" என்றார்.

மறுநாள் காலை விடுதியைக் காலி செய்து, பெட்டியோடு கடைக்குப் போனேன். திருவிழாவுக்கு வந்த பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கினார்கள். கூட்டம் குறையட்டும் என்று கோமதிநாயகம் காத்திருந்தார். அது குறையவில்லை. என் பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, தகரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏலே முத்தையா."

அந்தப் பக்கம் சோடா உடைக்கும் சத்தம் நின்றது.

"அந்தக் காசு நல்ல காசு இல்லயாம்லே. எவனோ அமுக்கிச் செஞ்சதாம். பினாங்கு அண்ணாச்சி கண்ணாடி வச்சுப் பாத்துட்டாரு. நானும் பாத்தேன்."

 சர்பத் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரைப் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு முத்தையாவின் குரல் கேட்டது. அண்ணனிடம் அல்ல, எதிரில் நின்ற யாரிடமோ பேசினார்.

"கேட்டியளா வே? இத்தன வருசம் நல்ல காசா இருந்தது, இப்ப கள்ளக்காசு ஆயிருச்சாம். பங்கு கேட்டுருவேன்னு பயம். சீமையிலருந்து ஆளக் கூட்டியாந்து நாடகம் போடுதாக."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.  நான் பொறுக்கமாட்டாமல் லென்சை எடுத்துக்கொண்டு தகரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். கிட்டத்தில் பார்த்தபோது அண்ணனின் அதே மூக்கு, அதே காது. "நான் சொல்ல வேண்டாம், நீங்களே பாருங்கள்" என்றேன்.

"நீரு யாரு வே?" என்றார். "அவம் வீட்டுல சோறு தின்னுட்டு வந்து எனக்குச் சாட்சி சொல்லுதீரோ?"

தின்றிருந்தேன்தான்.

அதற்குள் தகரத்தின் மேல் விளிம்பில் கோமதிநாயகத்தின் கை தெரிந்தது. "எனக்கு வேண்டாம்லே. நீயே வச்சுக்கோ." காசு வந்து பாட்டில்கள் மிதந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. முத்தையா கையைவிட்டுத் துழாவி எடுத்தார். துண்டில் துடைத்தார். பார்க்காமலே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "யாருக்கு என்ன கலரு?" என்று கூட்டத்தைக் கேட்டார்.

நான் இந்தப் பக்கம் திரும்பி வந்தேன். கோமதிநாயகம் ஒரு வார்த்தை வரும் என்று தகரத்தைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு பெண் இரண்டு முறை சர்பத் கேட்டும் அவர் காதில் விழவில்லை. பிறகு நன்னாரியை ஊற்றினார். எலுமிச்சம்பழம் பிழிய மறந்துவிட்டார்.

விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல தப்பில்ல அண்ணாச்சி. மச்சினன்ட்ட ஒண்ணும் சொல்லாதிய" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டம் நிறைவதற்காக பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தார்கள். யாரோ என் தோளைத் தொட்டார்கள். முத்தையா. துண்டு இன்னும் ஈரமாகத் தோளில் கிடந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"நெசமாவே செஞ்ச காசுதானா அண்ணாச்சி?" இப்போது குரலில் சூடு இல்லை.

லென்சைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்து எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினேன். அண்ணனைப் போலவே ஒற்றைக் கண்ணை மூடினார்.

"கதிரு" என்றார்.

"அதுதான்."

லென்சைத் திருப்பிக் கொடுத்தார். இறங்கவில்லை. "அவன் எதுக்கு அப்படிக் கடையில வச்சு கத்துனான்?"

நடந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவதாகத்தான் இருந்தார், எனக்குக் கப்பல் இருந்ததால் அவசரப்பட்டுவிட்டார் என்றேன்.

"எங்க வீட்டுக்கு வாரேன்னானா?"

"சாப்பிடவும் வேண்டும் என்றார். உங்கள் வீட்டு மீன் குழம்பு நன்றாக இருக்கும் என்றார்."

முத்தையா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். கண்டக்டர் இடித்துக்கொண்டு போனார். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"வந்திருக்கலாம்" என்றார். "வந்து உக்காந்து 'சோறு போடுலே'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவன் பொன்னுன்னாலும் நம்பியிருப்பேன், பித்தளைன்னாலும் நம்பியிருப்பேன். அத்தன சனத்துக்கு முன்னால சொல்லிட்டான். நானும் அத்தன சனத்துக்கு முன்னால பேசிட்டேன். இனி எப்படி?"

"இப்போது போய்ச் சொல்லுங்கள், கதிரைப் பார்த்துவிட்டேன் என்று. அது போதும்."

"சொல்லுதேன், சொல்லுதேன்" என்றார். சொல்லப் போகிறவர் அப்படி இரண்டு முறை சொல்லமாட்டார் என்று எனக்கு அப்போதே பட்டது. விசில் ஊதியது. நகரத் தொடங்கிய பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டார்.

அவர் சொல்லவில்லை. மறுவருஷம் ஊருக்குப் போய் வந்த அருணாசலம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திருவிழா முடிந்த கையோடு கோமதிநாயகம் கடையை விட்டுவிட்டு, பனவடலிசத்திரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே பேரப்பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாராம். முத்தையா அங்கே ஒரு விசேஷத்துக்குப் போனபோது இரண்டு பேரும் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து, தலைநிமிராமல் சாப்பிட்டு எழுந்தார்களாம். "ரெண்டு பேருமே என்னட்ட தனித்தனியா உங்கள விசாரிச்சாக அண்ணாச்சி" என்றார் அருணாசலம். அன்று நான் முடி வெட்டிக்கொள்ளவில்லை. பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் பார்த்துச் சொன்னது சரிதான். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. மனதைப் போட்டு அரிப்பது வேறு.

அன்று சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். ஆடிக் காற்றில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் கப்பல் நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் படகுகளை அலை கரையைவிட்டே நகரவிடவில்லை. சனிக்கிழமைக்கு முன்னால் யாரும் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்னைப்போலவே ஊரிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் சிலர் சத்தம் போட்டார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் துறைமுக வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்து, வாங்கி வந்த தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு நாள் தங்கியிருந்தால், முத்தையா வீட்டில் இந்நேரம் மூன்று பேருக்கும் இலை போட்டிருப்பார்கள்.